கிளிநொச்சியில் பன்னிரண்டு வார நடிப்புப் பயிற்சி: கட்டிய காசுக்குத் தகுமா?

கடந்த ஆண்டு ஒக்டோபரில் தொடங்கி இந்த ஆண்டு ஜனவரியில் முடிவடைந்த மேடை, திரை நடிப்புப் பயிற்சிநெறி ஒன்றைக் கிளிநொச்சி நகரில் முழுமையாகப் படித்து முடித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் வீதம் பன்னிரண்டு வாரங்கள், கட்டணம் 24,000 ரூபா. கணக்குப் பார்த்தால் மொத்தம் 120 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 200 ரூபா. அடுத்த அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கங்களிலிருந்து பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் ஒரே தடவையில் எழுதிவிடுவது நல்லதெனத் தோன்றியது. குறைகளையும் எழுதப்போவதால் நடத்துநர்களின் பெயரையும் எங்களுக்குப் பழக்கிய வளவாளர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். சேர நினைப்பவர்களுக்குப் பெயரைவிட உள்ளே என்ன நடக்கிறது என்பதே பயன்படும்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். நான் உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியன். முள்ளியவளையில் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் பார்த்தும் ஆடியும் வளர்ந்தவன். என் தாய்மாமன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தனிஸ்லவ்ஸ்கியைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேனே தவிர, அவர் சொன்ன ஒரு பயிற்சியையேனும் என் உடம்பால் செய்து பார்த்ததில்லை. கமராவுக்கு முன்னால் நின்றது ஊர்த் தம்பிமார் எடுத்த இரண்டு குறும்படங்களில் மட்டுமே. இரண்டிலும் கூத்தாடும் களரியில் நிற்பதைப் போலவே நின்றிருந்தேன் என்பதைப் பிறகு பார்த்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கந்தான் 24,000 ரூபாவைக் கட்டச் செய்தது.

மண்டபம் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கரடிப்போக்குச் சந்தியிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருந்தது. பரந்தன் வழியாக வரும் முல்லைத்தீவு பஸ்ஸில் வருபவர்களுக்கும் ரயிலில் வருபவர்களுக்கும் வசதியான இடம். சீமெந்துத் தரை, விரிப்பதற்குப் பாய்கள், சுவரோரம் நாலைந்து வாங்குகள், சுத்தமான கழிப்பறை, இடைவேளையில் தேநீரும் வடையும். கூரை தகரம். மாரி காலத்தில் நடக்கும் ஒரு பயிற்சியை வன்னியில் தகரக் கூரையின் கீழ் வைப்பதென்று முடிவெடுத்தவர் இந்த மண்ணின் மழையை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும். மழை பலத்தால் வளவாளரின் வாயசைவு மட்டுமே தெரியும். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வார இறுதியில் வகுப்பே நடக்கவில்லை. அதற்குப் பதிலாக ஜனவரியில் இரண்டு நாள் வைத்து ஈடுசெய்தார்கள் என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

தொடங்கும்போது 22 பேர், முடிக்கும்போது 15 பேர். பாடசாலைக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டிகளில் நடித்துப் பரிசு பெற்றுவிட்டு அதன்பின் மேடையே கிடைக்காதவர்கள் பாதிப்பேர். கைத்தொலைபேசியில் நகைச்சுவைத் துண்டுகள் எடுத்துப் போடும் இளைஞர்கள் சிலர். பூநகரியிலிருந்து வந்த ஓர் அக்கா தன் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வருவார். பெண்கள் ஆறு பேர். வகுப்பு நாலரைக்கு முடிவதாகச் சொல்லப்பட்டாலும் பல நாள் ஐந்தேகாலைத் தொட்டது. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் பெண்கள் கடைசி அரை மணித்தியாலம் முழுவதும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் இரண்டு தடவை எழுத்தில் சொன்னேன். ஏழாம் வாரத்துக்குப் பிறகு திருந்தியது.

முதல் நாளின் முதல் பயிற்சி நடை. மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இயல்பாக நடந்துவருமாறு பிரதான வளவாளர் சொன்னார். என் முறை வந்தபோது மார்பு தானாக நிமிர்ந்தது, முழங்கால் இலேசாக மடிந்தது, பாதம் மத்தளத்தை எதிர்பார்த்ததைப் போல விழுந்தது. “கூத்தை வெளியில கழற்றி வைச்சிட்டு வாங்கோ சேர்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சரியான அறிவுரையாகவே பட்டது. என்னோடு இன்னும் இரண்டு பேர், இருவரும் காத்தவராயன் ஆடியவர்கள், அதே சொல்லைக் கேட்டார்கள். மூன்றாம் வாரத்திலும் கேட்டோம். ஆறாம் வாரத்திலும் கேட்டோம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளவாளர் சென்னையில் பல ஆண்டுகள் நவீன நாடகங்களில் வேலைசெய்தவர். திரைப்படங்களில் சிறு வேடங்களும் ஏற்றிருக்கிறார். திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைப் பற்றி மணிக்கணக்கில் பெருமையோடு பேசும் ஒருவர், அந்தப் பட்டறை தன் நடிகர்களின் உடம்பைத் தெருக்கூத்திலிருந்து கட்டியெழுப்பியது என்பதை எங்கள் முன்னிலையில் மட்டும் மறந்துவிட்டார். இலங்கையிலும் இது புதிய பாடமல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கு எடுத்துவந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றைத் தயாரித்தபோது, கூத்துடம்பு பெற்றவர்களை ஆடாதே என்று அவர் சொல்லவில்லை. நேரத்தைச் சுருக்கினார், சுற்றிவர இருந்து பார்க்கும் களரியை ஒரு பக்கமிருந்து பார்க்கும் மேடையாக்கினார், ஆட்டத்தைக் கதைக்குள் இறுக்கினார். அந்த ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் இந்த நாட்டின் தமிழ் அரங்கில் எத்தகைய பேராசிரியராக, நெறியாளராக ஆனார் என்பதை என் மாணவர்களே சொல்வார்கள்.

கூத்துக்காரனுக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டுமல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காத்தவராயன் கூத்தில் ஒரே இரவில் காத்தானை வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு ஆட்கள் ஏற்று ஆடுகிறார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் அதே சிந்துநடையில், அதே சுருதியில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும் பாத்திரம் தன்னையே படர்க்கையில் பாடி அறிமுகம் செய்துகொண்டு, அடுத்த கணம் தன்மையில் பேசத் தொடங்கும். பாத்திரத்துக்கு உள்ளே நிற்பதும் வெளியே நின்று அதைக் காட்டுவதுமாகிய இந்த இரட்டை வேலையை நவீன நாடகப் பள்ளிகள் தனிப் பாடமாக வைத்துக் கற்பிக்கின்றன. எங்களிடம் அது கொப்பியில் எழுதப்படாமலே இருக்கிறது. பயிற்சிநெறியில் ஒரேயொரு வார இறுதியை இதற்கென ஒதுக்கி, கூத்து நடையைக் கழற்றவும் மீண்டும் அணியவும் பழக்கியிருந்தால், அந்த இரண்டு தம்பிமாரும் எட்டாம் வாரத்தோடு நின்றிருக்க மாட்டார்கள்.

குரல் வகுப்புகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லதைத் தவிர வேறில்லை. மூன்றாம், நான்காம் வாரங்களில் இதை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண் வளவாளர். பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது புத்தகம் எழுகிறதா, நெஞ்சு மட்டும் எழுகிறதா என்று பார்ப்பதில் தொடங்கினார். பிறகு ‘ஸ்’ என்ற ஓசையோடு மூச்சைச் சீராக வெளிவிட்டு எண்ணுதல். முதல் நாள் நான் 14இல் நின்றேன், பன்னிரண்டாம் வாரத்தில் 31. உதடுகளை அதிரவிடுதல், வாயை மூடி ‘ம்’ என்று முனகி அந்த அதிர்வை மூக்கின் மேலும் நெற்றியிலும் உணர்தல், அதன்பிறகே வசனம். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, அதுவும் குரல்நாண்களுக்குச் சிரமமே என்பதை இத்தனை ஆண்டு வகுப்பறையில் கத்திய எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இரவு முழுவதும் வெட்டவெளியில் உச்சத்தில் பாடிவிட்டு விடியும்போது குரலை இழந்து நிற்கும் கூத்துக்காரர் எத்தனையோ பேரை வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் மூச்சுப் பயிற்சியை மாமாவிடம் செய்துகாட்டினேன். “வயித்தில இருந்து எடு எண்டு நாங்கள் அடிச்சுச் சொல்லுறதைத்தான் இவையள் பாயில படுத்துச் சொல்லினம்” என்றார். ஆனாலும் மறுநாள் விடியற்காலை அவர் பாயில் படுத்திருந்ததையும் அவருடைய வயிற்றின் மேல் பஞ்சாங்கம் ஏறி இறங்கியதையும் நான் பார்த்தேன்.

எழுத்துருவைப் பிரித்துப் படிக்கும் வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. 1898இல் நெமிரோவிச் டான்சென்கோவோடு சேர்ந்து மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ஸ்தனிஸ்லவ்ஸ்கி, நடிகன் ஒவ்வொரு காட்சியிலும் தன்னிடம் கேட்டுக்கொள்ளச் சொன்ன கேள்விகள் எளியவை: நான் யார், எங்கே, எப்போது, எதிரில் நிற்பவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். அண்ணனிடம் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வரும் தம்பி என்ற இரண்டு நிமிடக் காட்சியை வைத்து மூன்று மணித்தியாலம் வேலைசெய்தோம். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே ஒரு வினைச்சொல்லை எழுத வேண்டும்: கெஞ்சு, சீண்டு, குளிரப்பண்ணு, பயமுறுத்து. ‘கோபமாகச் சொல்’, ‘சோகமாகச் சொல்’ என்று மாணவர்களுக்கு இவ்வளவு காலமும் சொல்லிவந்த நான், இப்போது அந்தச் சொற்களை என் வகுப்பில் தடைசெய்திருக்கிறேன். இந்த ஒரு மாற்றத்துக்காகவே என்னைப் போன்ற பாட ஆசிரியர்கள் இந்தப் பயிற்சிக்குப் போகலாம்.

ஐந்தாம் வாரத்தைப் பற்றி எழுதுவது எளிதாக இல்லை. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் யன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, எங்களைக் கண்களை மூடி அமரச் சொன்னார் பிரதான வளவாளர். வாழ்க்கையில் மிகத் துயரமான ஒரு கணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தின் மணம், தரையின் சூடு, கேட்ட ஓசை, கையில் இருந்த பொருள் என்று புலன்களின் வழியே ஒவ்வொன்றாக அதற்குள் இறங்க வேண்டும். இறங்கிய பின் தந்திருக்கும் வசனத்தைச் சொல்ல வேண்டும். உணர்ச்சி நினைவு என்று இதற்குப் பெயர். மண்டபத்தில் இருந்தவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய அனைவரும் 2009இன் முதல் ஐந்து மாதங்களைக் கடந்து வந்தவர்கள். மணம் என்ன, ஓசை என்ன, கையில் என்ன இருந்தது என்று இவர்களிடம் கேட்பதற்கு முன்னால் ஒருவர் இரண்டு தடவை யோசிக்க வேண்டாமா? பத்து நிமிடத்துக்குள் அறையில் கேட்ட அழுகை நடிப்பில் சேராது. ஒருவர் எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போனார். அவர் பிறகு வரவேயில்லை. “இதைத்தான் நாங்கள் பயன்படுத்தப் பழக வேண்டும்” என்றார் வளவாளர். நான் யன்னலைத் திறந்துவிட்டேன். அதற்காகக் கண்டிக்கப்பட்டேன்.

இதை ஏதோ மென்மையான மனம் படைத்தவனின் முறைப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில்நுட்பமாகவும் இது பழைய சரக்கு. உணர்ச்சி நினைவைத் தொடக்கத்தில் பயன்படுத்திய ஸ்தனிஸ்லவ்ஸ்கியே தன் இறுதிக் காலத்தில் உடற்செயல்களை முதன்மையாகக் கொண்ட முறைக்குச் சென்றார். 1934இல் அவரைப் பரிஸ் நகரில் சந்தித்துப் பல வாரங்கள் வேலைசெய்த அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர், நாடு திரும்பியதும் உணர்ச்சி நினைவை வலியுறுத்திய நெறியாளர் லீ ஸ்ட்ராஸ்பேர்க்கோடு முரண்பட்டதன் காரணமே இதுதான்: சொந்தக் காயத்தைத் தோண்டாதே, எழுத்துரு தரும் சூழ்நிலையையும் உன் கற்பனையையும் பிடி என்றார் அட்லர். ஸ்ட்ராஸ்பேர்க் தன் வழியை விடவில்லை. அந்த வழியில் பெரிய நடிகர்கள் வந்ததும் உண்மை. ஆனால் இந்தத் தகராறு ஒன்று இருக்கிறது என்பதையாவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கோவலன் வெட்டுண்ட செய்தி கேட்ட கண்ணகியாக ஆண்டுக்காண்டு புலம்பிப் பாடும் எங்களூர் ஆண்பிள்ளை ஒருவரும் அதற்காகத் தன் வீட்டுச் சாவை நினைப்பதில்லை. தரு என்ற கூத்துப் பாட்டே அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. பார்க்க வந்த தாய்மார்தான் தங்கள் சாவுகளை நினைக்கிறார்கள். காயப்பட்டவர்களோடு அரங்கின் வழியே வேலைசெய்வதற்கென்று நம் மண்ணில் பயின்றவர்கள் இருக்கிறார்கள். உள்ளே அழைத்துச் சென்றவரைத் திரும்பக் கூட்டிவரவும் தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை அது. ஒரு வார இறுதி வகுப்பில், இடைவேளைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே செய்யக்கூடியதன்று. சேர்பவர்கள் இந்த அமர்வில் கலந்துகொள்ள மறுக்கலாம். மறுத்தால் சான்றிதழ் நிறுத்தப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அணியில் மறுத்த இருவருக்கும் கிடைத்தது.

ஒன்பதாம் வாரத்திலிருந்து கமரா வந்தது, பயிற்சியும் வேறொரு உயரத்துக்குப் போனது. ஒளிப்பதிவு வளவாளர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒவ்வொருவரையும் ஒரு வெள்ளைச் சுவரின் முன் இருத்தி, அண்மைக் காட்சியில் ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் இருக்கச் சொல்லிப் பதிவுசெய்து, திரையில் போட்டுக் காட்டினார். நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். திரையில் என் புருவங்கள் இரண்டும் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. கூத்துக் களரியில் கடைசி வரிசையில் பாயில் சரிந்து படுத்திருக்கும் கிழவிக்கும் தெரியும்படி முகத்தை வைத்துப் பழகியவனுக்கு, பார்ப்பவர் ஒரு முழத்துக்கு அப்பால் மூக்குக்கு நேரே இருக்கிறார் என்பதை உடம்பு நம்புவதற்கே இரண்டு வாரமாயிற்று. கண் இமைப்பதும் ஒரு செயல், பார்வையைத் தாழ்த்துவதும் ஒரு வசனம் என்பதை அந்தத் திரையைப் பார்த்துத்தான் கற்றேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது தொடர்ச்சி. தாய் மகனுக்குத் தேநீர் கொடுக்கும் காட்சி. முதலில் இருவரையும் சேர்த்து அகலக் காட்சியாக எடுத்தார். பிறகு தாயின் தோளுக்கு மேலாக என்னை. பிறகு என் தோளுக்கு மேலாகத் தாயை. கடைசியில் என் முகம் மட்டும். ஒரே வசனத்தை பதினொரு தடவை சொன்னேன். படத்தொகுப்பில் இணைத்துப் பார்த்தபோது, அகலக் காட்சியில் “கொழும்புக்கு” என்ற சொல்லில் கோப்பையைத் தூக்கியிருந்த நான், அண்மைக் காட்சியில் அதே சொல்லில் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒட்டவே முடியவில்லை. என் மிகச் சிறந்த தடவை என்று நான் நம்பியது குப்பைக்குப் போயிற்று. எந்தச் சொல்லில் கை எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்தபடியே, அதை நினைக்காதவன் போல நடிக்க வேண்டும். தரையில் ஒட்டிய நாடாவைக் குனிந்து பார்க்காமல் அதன் மேல் வந்து நிற்க வேண்டும். எதிரில் ஆள் இல்லாதபோதும் அவரது கண் இருந்த உயரத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும். மேடையில் இரண்டு மணித்தியாலம் தொடர்ச்சியாக ஏறிச் செல்லும் உணர்ச்சியை இங்கே துண்டுதுண்டாக, கதையின் முடிவைக் காலையிலும் தொடக்கத்தை மாலையிலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நான்கு வாரங்களுக்கு மட்டும் தனியாக 15,000 ரூபா கேட்டாலும் நான் கட்டுவேன்.

நடிகர் தெரிவுக்கான காணொளியைக் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்புவது எப்படி என்று அரைநாள் பழக்கினார்கள். தொலைபேசி கிடையாக, கண் மட்டத்தில் இருக்க வேண்டும். யன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. பின்னணி வெறும் சுவர். எதிர் வசனம் வாசிப்பவர் கமராவுக்கு ஒட்டியபடி நின்று மெதுவாக வாசிக்க வேண்டும், ஏனெனில் அவர்தான் தொலைபேசிக்குக் கிட்ட இருக்கிறார். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ இருந்துகொண்டு கொழும்புக்கும் சென்னைக்கும் முகம் காட்ட இப்போதைக்கு இதுதான் மலிவான வழி.

அந்தக் காணொளிக்கெனத் தரப்பட்ட வசனங்கள்தான் எனக்கு அடுத்த மனக்குறை. எல்லாமே சென்னைப் பேச்சு. எங்களில் ஒருவர் “என்ன சொல்லுறாய்” என்றதும், அதைப் ‘பொதுத் தமிழில்’ சொல்லுமாறு திருத்தப்பட்டது; திருத்தி வந்தது “என்ன சொல்ற”. சென்னைப் பேச்சு பொதுத் தமிழாகிய நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதைக் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை அங்கேதான் அதிகம், ஆகவே அதையும் யாழ்ப்பாணப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் மலையகப் பேச்சையும் ஒரு நடிகர் தனித்தனி வாத்தியங்களைப் போலக் கைவசம் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஈழத்துப் பாத்திரங்களைத் தமிழகத்து நடிகர்கள் பேசும்போது எங்கள் வீடுகளில் எழும் சிரிப்பை நினைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் திறக்கக்கூடிய ஒரு கதவு அங்கேயே இருக்கிறது. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பெற்ற, ஈழத்து அகதியின் கதையான ‘தீபன்’ படத்தின் முதன்மை வேடத்தில் நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த, அதுவரை எழுத்தாளராகவே பெரிதும் அறியப்பட்டிருந்த ஷோபாசக்தி. அந்தப் பாத்திரத்துக்கு அவருடைய நாக்கும் ஒரு தகுதி.

தொழில் வாழ்க்கை பற்றிய அமர்வு ஒரே ஒரு பிற்பகல்தான், ஆனால் பொய்யில்லாமல் நடந்தது. கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்துவரும் ஒருவர் வந்து, நாட்கூலியாகப் பேசப்படும் சம்பளம் எத்தனை மாதம் கழித்துக் கைக்கு வருகிறது, ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதப்பட்டிருக்க வேண்டும், போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே கேட்காவிட்டால் நடித்து உழைத்த காசு பஸ்ஸிலேயே முடிந்துவிடும் என்பவற்றையெல்லாம் தன் பற்றுச்சீட்டுகளைக் காட்டியே விளக்கினார். சுற்றுலா வீசாவில் இந்தியாவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது என்பதை அவர் சொன்னபோது இரண்டு தம்பிமாரின் முகம் வாடிப்போனது. பிரதான வளவாளரோ, கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்து, அங்கே நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே நடிகரான விஜய் சேதுபதியின் கதையை மூன்று தடவை சொன்னார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அவர் அங்கே கணக்காளராக இருந்தார் என்பதே. மாதச் சம்பளம் ஒன்று வந்துகொண்டிருந்தது.

சேரலாமா என்று கேட்பவர்கள் 120 மணித்தியாலம் என்பதை அதன் அளவில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1904இல் தொடங்கப்பட்ட இலண்டன் அரச நாடகக் கலைக் கழகத்தின் நடிப்புப் பட்டமும், 1959இல் தொடங்கப்பட்ட தில்லி தேசிய நாடகப் பள்ளியின் பட்டயமும் மூன்று ஆண்டு முழுநேரப் படிப்புகள். உயர்தரத்தில் சித்தியடைந்தவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அரங்கியலைப் பட்டப்படிப்பாகப் படிக்க இடமிருக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. அந்த வயதில் இருப்பவர்கள் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், மேடையில் பழகிக் கமராவுக்குப் பயந்தவர்கள், பாடசாலைகளில் நாடகம் பழக்குபவர்கள் ஆகியோருக்கு இந்தப் பயிற்சி கட்டிய காசுக்கு மேலாகவே தரும். மூன்று மாதத்தில் திரைப்பட வாய்ப்பு என்று துண்டுப்பிரசுரத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பயிற்சி அறைக்குள் ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை, எங்கள் அணியில் இதுவரை ஒருவருக்கும் கிடைக்கவுமில்லை.

முடிவில் ஆளுக்கொரு சான்றிதழும், நடித்த காட்சிகளைத் தொகுத்த ஒன்றரை நிமிடக் காணொளியும் தருவதாகச் சொன்னார்கள். சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது. காணொளி இரண்டு வாரத்தில் என்று சொல்லி ஏழு வாரத்தில் வந்தது, அதிலும் கடைசிப் பத்து விநாடிக்கு வாயும் குரலும் ஒத்துவரவில்லை. கேட்டபின் திருத்தித் தந்தார்கள். தெரிவுகளுக்கு அனுப்ப வேண்டிய பொருள் அதுவே என்பதால், நீங்கள் மீதிக் கட்டணத்தைக் கட்டும் முன்னரே தொகுக்கப்படாத மூலப் பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமாவின் இளைய மகன், சென்ற பொங்கலுக்கு முதன்முதலாகச் சலங்கை கட்டியவன், அடுத்த அணியில் சேரக் கேட்கிறான். கட்டணத்தில் பாதியை நான் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வாரச் சனிக்கிழமை மட்டும் அவன் வீட்டில் நிற்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வரவேண்டும் என்பது மாமாவின் நிபந்தனை.